புளி போட்டுத் துலக்கிய காசு

அடுத்த மாதம் பெங்களூரில் பழங்காசு சேர்ப்பவர்களின் கண்காட்சி. எனக்கும் ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேசையில் வைக்க என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவு பழுப்புத் தாள் ஒன்றுதான். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் உருவம் தாளில் விழுமே, அது. காசு இல்லை. காசின் நிழல் மட்டும். இதைக் காட்டத் தஞ்சாவூரிலிருந்து பெங்களூர் வரை போகத்தான் வேண்டுமா என்று வீட்டில் ஒரு வாரமாக விசாரணை நடக்கிறது.

"ஏங்க, போன்ல போட்டோ புடிச்சு அனுப்பினா ஆவாதா? இந்தத் துண்டுத் தாளுக்கு நீங்க வேற கூடப் போவணுமா?" என்கிறாள் மனைவி.

நியாயமான கேள்விதான். நானோ பயந்த சுபாவம். டிக்கெட் போட்டேன், ரத்து செய்தேன், மறுபடி போட்டேன், மறுபடி ரத்து செய்தேன். நேற்று மூன்றாவது முறையாகப் போட்டிருக்கிறேன். தாள் வழியில் கிழிந்துவிட்டால், நனைந்துவிட்டால், யாராவது அதில் சுண்டல் மடித்துவிட்டால் என்றெல்லாம் தூக்கத்தில் கணக்குப் போடுகிறேன். ஐம்பதை நெருங்குகிற ஆள் செய்கிற காரியமா இது என்று கேட்டால், பத்து வயதில் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இதே கேள்வி எங்கள் வீட்டில் அப்போதும் எழுந்தது. கேட்டவர் அப்பா. போக வேண்டியிருந்தவள் அம்மா.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். கோடையில் ஆறு வற்றிவிடும். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வருவார்கள். மற்றவர்கள் தண்ணீர் வரும்வரை தோண்டுவார்கள். அம்மா தண்ணீர் வந்த பிறகும் தோண்டுவாள். எந்தக் காலத்திலோ எவரோ வேண்டிக்கொண்டு ஆற்றில் போட்ட காசுகள் சில நேரம் மணலோடு வரும். செம்புதான். ஆனால் செம்பு என்று அதற்கே மறந்துபோயிருக்கும். பச்சையும் கறுப்புமாகப் படை படிந்து, மழையில் கிடந்த தட்டை முறுக்கு மாதிரி இருக்கும். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். ஒவ்வொன்றையும் நோட்டுத் தாளில் தனித்தனியாக மடித்து, மேலே பென்சிலால் எழுதுவாள்: 'படித்துறைக்குக் கீழே, முழங்கால் ஆழம்.' 'அரசமரத்து வளைவு, வெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்த கோடை.' பொட்டலங்கள் ஒரு பால்பவுடர் டின்னில் இருந்தன. அதை வேறு யாரும் தொடக் கூடாது.

"எதுக்கும்மா இதையெல்லாம் சேக்குற?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கெடைக்குதுல்ல" என்றாள். மடித்த பொட்டலத்தை டின்னுக்குள் வைத்து மூடினாள்.

சென்னையில் பழங்காசு ஆர்வலர்கள் சங்கம் ஒன்று இருப்பதாகப் பலசரக்குக் கடையில் மடித்துக் கொடுத்த செய்தித்தாளில் படித்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான்கு காசுகளைத் தாளில் பென்சிலால் பதிவெடுத்து, நான்கு வரி எழுதி, அஞ்சலில் போட்டுவிட்டாள். எங்கள் யாருக்கும் தெரியாது. பதில் வந்தபோதுதான் வீடு அதிர்ந்தது.

சங்கத்துச் செயலாளர் எழுதியிருந்தார். மூன்று காசுகள் எங்கும் கிடைப்பவை. நான்காவதில், உட்கார்ந்திருக்கும் உருவத்தின் கைக்குக் கீழே என்னவோ இருக்கிறது. தாளில் பாதிதான் விழுந்திருக்கிறது. இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை, நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனி மாதம் இரண்டு நாள் கண்காட்சி. உங்களுக்கு ஒரு மேசை ஒதுக்குகிறோம். காசுகளை இருக்கிறபடியே கொண்டுவரவும்.

இந்தக் கடிதத்தைத் தெருவுக்கே வாசித்துக் காட்டியவன் நான். கடைசி வரியையும் நான்தான் வாசித்தேன், நல்ல உச்சரிப்போடு.

அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. குத்தகை நிலத்தின் நடவு முழுவதும் அம்மாவின் கையில். ஆள் கூப்பிடுவது, நாற்றுமுடியைப் பிரித்துப் போடுவது, வரப்பில் நின்று "இங்க நெருக்கி நடு, அங்க கலக்க, எட்டி நடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பது எல்லாம் அவள்தான். கண்காட்சி சனி, ஞாயிறு. எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வருவதும் அதே சனிக்கிழமை.

"தண்ணி வர்ற அன்னிக்கு நீ மெட்ராஸ்ல காசு காட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. வயல யாரு பாக்குறது?" என்றார் அப்பா.

"நீங்க பாருங்க. ஒரே ஒரு தடவ."

"போயி என்ன ஆவப்போவுது? செலவும் அலைச்சலும். அவன் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுவான். அத இங்கேருந்தே நான் சொல்றேன், நல்லாருக்கு. போதுமா?"

அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கைக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியணும்" என்றாள்.

அம்மா இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமானதிலிருந்து அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. "தனியா அனுப்ப முடியாது. இவனத் தொணைக்கு அழைச்சிட்டுப் போ" என்று என்னைக் காட்டினார். அரைக்கால் சட்டை போட்ட ஆண் துணை. இருட்டில் கொல்லைப்பக்கம் போக நான்தான் அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுவேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள்.

"போவட்டும், நான் வேணாங்கல. ஆனா இந்தப் பச்சப் புடிச்ச காசையா கொண்டுபோயி சபையில வைப்பாங்க? மெட்ராஸ்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? இந்த வீட்டுல ஏனம் பாத்திரம் துலக்குற வழக்கமே இல்ல போலருக்குன்னு நெனைப்பான்."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. பெரிய கூடம். வெள்ளைச் சட்டைக்காரர்கள். எல்லார் மேசையிலும் காசுகள் பொன்னாக மின்னுகின்றன. எங்கள் மேசையில் மட்டும் எருமுட்டை மாதிரி ஒரு குவியல். எல்லாரும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்தக் காட்சி கண்ணை மூடினால் வந்தது, மூடாவிட்டாலும் வந்தது.

'இருக்கிறபடியே கொண்டுவரவும்' என்று எழுதியிருந்ததே என்பீர்கள். எங்கள் பக்கம் விருந்துக்கு அழைக்கிறவர்கள் "சும்மா வாங்க, ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி யாராவது வெறுங்கையோடு போவார்களா? பழமும் வெற்றிலையும் இல்லாமல் போனால் ஆயுசுக்கும் பேச்சு. மெட்ராஸ்காரரும் மரியாதைக்காக அப்படி எழுதியிருக்கிறார், நாம்தான் புரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். மரியாதை தெரிந்த பிள்ளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா நாற்றங்காலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வண்டி. பொங்கலுக்கு முன்னால் பித்தளையும் செம்பும் எப்படித் துலக்குவார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒரு உருண்டை புளி, செங்கல் தூள், தேங்காய் நார். டின்னை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, தேய்த்து, கழுவி, துடைத்து, அதே தாளில் அதே மடிப்பில் வைத்தேன். எந்தக் காசு எந்தத் தாள் என்பது மாறிவிடாமல் அவ்வளவு பொறுப்பு. பச்சை கழன்று ஓடியது. உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று காசு எழுந்து வந்தது. அந்த நான்காவது காசு மட்டும் முரண்டு பிடித்தது. கைக்குக் கீழே இருந்த இடத்தில் படை கட்டியாக இருந்தது. அதைத் துவைக்கிற கல்லில் வைத்து, ஈர மணல் போட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அது வழிக்கு வந்தது. எல்லாவற்றிலும் அதுதான் அதிகமாக மின்னியது.

யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் வைத்துப் பிரிக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டியில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் காசு எறிந்தார்கள். நானும் கேட்டேன். அம்மா ஐந்து பைசா கொடுத்தாள்.

"இப்புடி எவனோ ஒருத்தன் வீசுனதுதான் நம்ம டின்னுல இருக்கு" என்றாள். "என்ன வேண்டிக்கிட்டு வீசுனானோ." மடியில் இருந்த டின்னை ஒரு தடவை தட்டிக்கொண்டாள். வழி நெடுக அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கைக்குக் கீழே இருப்பது விளக்காக இருக்கலாம், பறவையாக இருக்கலாம், நிறைகுடமாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். காலையிலேயே போய்விட்டோம். செயலாளர் மெலிந்த மனிதர். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அம்மா அனுப்பிய தாளைப் பத்திரமாக ஒரு உறைக்குள் வைத்துக் கையிலேயே கொண்டுவந்தார். "வாங்கம்மா, ஒங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவுக்கு இன்னொருவர் நாற்காலி போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா அந்த நான்காவது காசின் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் எதுவும் நடக்கவில்லை. கை மட்டும் பிரித்த தாளோடு அப்படியே நின்றது. அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். அதற்கு அடுத்ததை. பிறகு பிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

செயலாளர் காசைக் கையில் எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். ஒரு பக்கம் நின்ற ஆளின் கால் மட்டும் மிச்சம் இருந்தது. உட்கார்ந்த உருவம் இருந்த மறுபக்கம் வழவழவென்று இருந்தது. உட்கார்ந்தவனும் இல்லை, கையும் இல்லை, கைக்குக் கீழே இருந்ததும் இல்லை. உறையிலிருந்து தாளை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். காசில் இல்லாத ஆள் தாளில் உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா இதச் செஞ்சது?" என்றார். கோபம் இல்லை. துக்க வீட்டில் கேட்கிற குரல்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்ல" என்றாள்.

எனக்கு ஒன்றுக்கு முட்டியது. மேசை விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. நான் உள்ளே புகுந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்து என் எதிர்காலத்தைத் திட்டமிட்டேன். ஊருக்கு நடந்தே போய்விடுவது. வழி தெரியாது. சரி, கடற்கரைக்குப் போய் மீன்காரர்களோடு சேர்ந்துவிடுவது. நீச்சல் தெரியாது. துணைக்கு வந்த ஆண்பிள்ளை மேசைக்கு அடியில் இருக்க, மேலே செயலாளர் தணிந்த குரலில் சொல்வது கேட்டது: "சங்கடமா இருந்தா மேசைய வேற யாருக்காவது குடுத்துடலாம்மா. நீங்க சும்மா சுத்திப் பாருங்க."

"இல்லைங்க. ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உக்காந்திருக்கேன்."

அவரிடம் ஒரு அட்டை வாங்கி, தாளில் எழுதுகிற அதே கையெழுத்தில் அம்மா எழுதினாள்: 'குடமுருட்டி ஆற்றில் கிடைத்தவை. புளி போட்டுத் தேய்க்கப்பட்டன. கிடைத்தபோது இப்படி இல்லை.' அட்டையை நடுவில் நிறுத்தி, காசுகளை வரிசையாக வைத்து, அதனதன் பொட்டலத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்தாள். பென்சில் பதிவையும் வைத்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

விரிப்புக்குக் கீழே எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. முதலில் வந்த கால்கள் நின்று, படித்து, நகர்ந்துவிட்டன. பிறகு கொலுசு போட்ட கால் ஒன்று நின்றது. "அய்யோ, எங்க வீட்லயும் இதே கததான். பூசையில இருந்த பழைய காச எங்க மாமியா சாம்பல் போட்டுத் தேச்சுட்டாங்க" என்றது. ஒரு ஜோடி பூட்ஸ், "நான் எலுமிச்சம்பழம் போட்டேம்மா. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றது. சாயங்காலம் ஆக ஆகக் கால்கள் அதிகமாயின. எந்த வளைவு, எவ்வளவு ஆழம், எந்த வருஷம் என்று கேட்டார்கள். அம்மா தாளைப் பார்க்காமலே சொன்னாள். யார் தேய்த்தது என்றும் எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் அதே ஒரு சொல்தான் பதில்.

தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் என்னை வெளியே வரச் சொன்னாள். நான் பருக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன். அடி விழும் என்று தெரிந்தால் சமாளித்துவிடலாம். எப்போது விழும் என்று தெரியாமல் இருப்பதுதான் கொடுமை.

"அம்மா, எப்ப அடிப்ப?" என்று கேட்டேவிட்டேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சாப்புடு. ஊறுகா வேணுமா?" என்றாள்.

அந்த அடி இன்றுவரை விழவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இனி விழவும் வழியில்லை.

திங்கட்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தோம். அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்று நடத்திய நடவு கோணல்மாணலாக இருந்தது. அதை நட்ட பெண்களே அந்தப் போகம் முழுக்க 'ஐயா நட்ட வயலு' என்று சொல்லிச் சிரித்தார்கள். அத்தை டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு" என்றாள்.

"போனதுக்கு ஏதாச்சும் உண்டா?" என்று அப்பா கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"உண்டு" என்றாள் அம்மா. புடவையை மாற்றிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.

அந்த 'உண்டு'க்கு என்ன பொருள் என்று நானும் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வயசான பிறகு பாதி பிடிபட்டிருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் பெங்களூர். டின்னுக்குள் நான் கண்டெடுத்த அந்தத் தாளில் கைக்குக் கீழே இருப்பது இப்போதும் பாதிதான். யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, விளக்கு என்றோ பறவை என்றோ சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம். மனைவியிடம் நேற்று அவ்வளவுதான் சொன்னேன். "சரி, போயிட்டு வாங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது நடந்தது.

வண்டி கொள்ளிடத்தை நெருங்கியபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் நான். ஆற்றில் மணல்தான் அதிகம், தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. எதிரே இருந்தவர்கள் காசு எடுத்தார்கள். நான் கேட்கப் பயந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தானாகவே டின்னைத் திறந்தாள். அந்த நான்காவது காசின் பொட்டலத்தைப் பிரித்து, தாளை மட்டும் மடித்து டின்னுக்குள் வைத்துக்கொண்டு, காசை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே போடு" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, இல்லாவிட்டால் போடச் சொல்வாளா? அடியும் இல்லை, திட்டும் இல்லை, காசும் என் கையில். எதிரே இருந்தவர்களைப் போலக் கண்ணை மூடி, அடுத்த வருஷமும் இதே மாதிரி மெட்ராஸ் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, என் பலத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். அது சுழன்று சுழன்று போயிற்று. ஒவ்வொரு சுழற்சிக்கும் காலை வெயில் அதில் பட்டுப் பட்டுத் தெறித்தது. மற்றவர்கள் போட்ட காசெல்லாம் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. என்னுடையது மட்டும் மணலைத் தொடும்வரை கண்ணுக்குத் தெரிந்தது.

"பாத்தியாம்மா, எப்புடி மின்னுதுன்னு!" என்றேன்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ரயில் கரி விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, நான் பாலம் முடியும்வரை எட்டி எட்டிப் பார்த்தபடி வந்தேன்.